டிரம் இல்லாத ஆல்பம்

கம்ப்யூட்டரிலேயே இசையமைத்து இணையத்தில் வெளியிட்டேன். அம்மாவைத் தவிர யாரும் கேட்கவில்லை. அவரும் பாதியில், "பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்றார்.

மனம் தளராமல் பாடல்களைப் பென்டிரைவில் ஏற்றி, பாக்கார் ஆராங் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், கடை போட்டேன். கோலா கெடாவிலிருந்து வந்த ஓர் அண்ணன் மட்டும் கண்ணை மூடி, மூன்றாவது பாட்டை முழுதாகக் கேட்டு வாங்கிப் போனார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அடுத்த வாரமே திரும்பி வந்தார்.

"சூப்பர்லா தம்பி! என் குருவி வீட்டுல போட்டேன், கூட்டமா வந்துருச்சுங்க. டிரம் அடிச்சா மட்டும் ஓடிருதுங்க. அத எடுத்துருலா."

கடைவீட்டு மாடியில் குருவிகளை வரவழைத்து, அவை எச்சிலால் கட்டும் கூடுகளைச் சூப்புக்கு விற்பது அவர் தொழிலாம். கீச்சொலி கேட்டால்தான் குருவி வருமாம். என் பாட்டில் அது நிறையவாம். எனக்குச் சுருக்கென்றது.

"நான் கலைஞன்ணே."

"அதுங்களும் எல்லாப் பாட்டுக்கும் வராதுலா."

நேரில் போய்ப் பார்த்தேன். இருட்டில் என் பாட்டுக்குக் குருவிகள் தலைக்கு மேல் வட்டமிட்டன. டிரம் தொடங்கியதும் வெளியே பறந்தன. எனக்கும் அது பிடிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் வைக்கிறார்களே என்று வைத்த டிரம் அது.

புது ஆல்பத்தில் டிரம் இல்லை. அம்மா இன்னும் பாட்டு ஆரம்பிக்கக் காத்திருக்கிறார்.