அம்மிக்குழவி ஆடிய தொட்டில்

கண்டியில் எந்த வீட்டு அலுமாரி பளபளத்தாலும் அதில் என் கை பட்டிருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, கட்டுகஸ்தோட்டையில் கட்டில், அலுமாரி விற்கும் சொந்தத் தளபாடக் கடை வைத்தவன் நான். கீறல் என்றாலே எனக்கு ஆகாது.

மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளையின் அறை அந்தக் காலத்து வீடு மாதிரி இருக்கவேண்டுமாம். 'விண்டேஜ்' என்றாள். பழைய சாமான் கடையிலிருந்து, வெள்ளைப் பெயின்ட் உரிந்த மரத்தொட்டில் ஒன்றையும் வாங்கி வந்தாள். அதைப் பார்க்கவே எனக்கு மானம் போனது. அவள் இரண்டு நாள் கம்பளைக்கு, புருஷன் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து அந்தப் பெயின்ட் முழுவதையும் சுரண்டித் தேய்த்து, வார்னிஷ் அடித்துவிட்டேன்.

திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னப்பா செஞ்சீங்க?"

"கிட்ட வந்து பாரு, உன் முகமே தெரியுது!"

"அந்தப் பழசுக்காகத்தானே வாங்கினேன்! நான் கம்பளைக்கே போறேன். பிள்ளை அங்கேயே பொறக்கட்டும்."

உள்ளே இருந்து என் மனைவி சொன்னாள்: "பேரப்பிள்ளை வருதுன்னு தெருவெல்லாம் தம்பட்டம் அடிச்சீங்கள்ல? இப்ப போய், வார்னிஷ் அடிச்சு வெரட்டிட்டேன்னு சொல்லுங்க."

"அந்தப் பழைய பெயின்டைப் பிள்ளை நக்கினா என்னாகும்?" என்று கேட்டேன். மகள் கொஞ்சம் இறங்கி வந்தாள். "நக்கக்கூடாதுதான். ஆனா பழசா இருக்கணும்."

"ரெண்டு நாள் பொறு. நூறு வருசப் பழசாக்கித் தாரேன்."

வாய்விட்டுவிட்டேன். நாற்பது வருஷம் கீறலை மறைத்தவனுக்குக் கீறல் போட வருமா? மறுபடி தேய்த்து, நல்ல வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். ஆட்டும்போது கை எங்கே உரசும் என்று பார்க்கத் தொட்டிலை ஆட்டினேன். மனைவி ஓடி வந்தாள்.

"வெறுந்தொட்டில ஆட்டாதீங்க! பிள்ளைக்கு ஆகாது!"

சொன்னதோடு நிற்காமல், சமையலறையிலிருந்து அம்மிக்குழவியைத் தூக்கி வந்து தொட்டிலில் கிடத்தினாள். நான் ஆட்டினேன். குழவி இந்தப் பக்கம் உருண்டு ஒரு இடி, அந்தப் பக்கம் உருண்டு ஒரு இடி. பெயின்ட் அங்கங்கே பெயர்ந்தது. எந்த ஆசாரியாலும் அப்படிச் செய்ய முடியாது! பெயர்ந்த இடத்திலெல்லாம், பால் விடாத கடும் தேயிலைச் சாயத்தண்ணியைத் தேய்த்தேன். மிச்சச் சாயத்தில் ஜன்னல் சீலையையும் முக்கியெடுத்தேன்.

மகள் ஒவ்வொரு தழும்பாகத் தடவிப் பார்த்தாள். "எப்படிப்பா?"

"அனுபவம்," என்றேன். மனைவி இருமினாள். மகள் கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்தாள்.

பேத்தி பிறந்தாள். பார்க்க வந்த கம்பளைச் சம்பந்தியம்மா தொட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் அண்ணே, கடையில புதுசா ஒண்ணு இல்லையா?"

என் வாய் தானாகத் திறந்தது. மகள் முறைத்தாள். பேத்தி அதற்குள் நல்ல தூக்கம். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன், சம்பந்தியம்மா: அது புதுப் பெயின்ட். நானே அடித்தது.