சீனிக்கிழங்கு வயலோரம் எங்கள் அண்ணை

ஏழாலையில் ஆறு பிள்ளைகளுக்கு மூத்தவராகப் பிறந்து, பிரான்சின் வடக்கே முப்பது வீடுகள்கூட இல்லாத ஒரு கமக்காரச் சிற்றூரில் கண்மூடிய எங்கள் அண்ணையின் முதலாம் ஆண்டுத் திவசத்தில், இந்த நினைவு மலரை உங்கள் கைகளில் தருகிறோம்.

அப்பா இறந்தபோது அண்ணைக்குப் பதினாறு வயது. படிப்பை விட்டு, வெங்காயமும் புகையிலையும் நட்டு எங்களை வளர்த்தார். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு பாரிஸ் வந்தார். நான் அங்கே லா ஷப்பலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். அண்ணைக்கு அது ஒத்துவரவில்லை. மண்ணில் நிற்காவிட்டால் சாப்பாடு செரிக்காது என்று சொல்லி, சீனி எடுக்கும் சீனிக்கிழங்கு பிடுங்க ஆள் தேடிய ஒரு விதவை மதாமின் பண்ணைக்குப் போய்விட்டார்.

"தம்பி, இஞ்சை மாட்டுக்கெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுகினம். என்ரை பேர்தான் ஒருத்தற்றை வாயிலையும் நுழையுதில்லை" என்று எழுதினார். அந்த ஊரில் யாராவது இறந்து தேவாலய மணி அடித்தால், உழவு இயந்திரங்களை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு ஒருவர் தங்கள் வயல் மண்ணில் ஒரு பிடியுடன் போவார்களாம். அண்ணையும் மதாமின் வீட்டுக்காகப் போனாராம்.

ஒரு திங்கள் காலை மாட்டுக் கொட்டிலில் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் எழும்பவேயில்லை. பாரிஸில் ஃபொபூர் சேன்-தெனி வீதியில் நான் சாமான் வாங்கும் கடைக்கு அந்த ஊர் மேயர் தொலைபேசி எடுத்தார். கடைக்காரர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு தெரிந்தவர்.

"தம்பி, எல்லாத்தையும் அவங்களே செய்யட்டுமான்னு கேக்குறாங்க" என்றார்.

"ஓம் ஐயா. தங்கடை ஆளுக்குச் செய்யிற மாதிரிச் செய்யச் சொல்லுங்கோ" என்றேன்.

கொள்ளி வைக்க நான் வருவேன் என்பதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைத்துவிட்டேன். புதன்கிழமை பொபினி பிரெபெக்சர் அலுவலகத்தில் எனக்கு விசா புதுப்பிக்கும் நாள். அதைத் தவறவிடப் பயந்து, முடித்துக்கொண்டு வியாழன்தான் போனேன்.

ஏழாலையில் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் அக்கா, இனி வாசிக்குமுன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அண்ணையைப் புதைத்துவிட்டிருந்தார்கள். நாங்கள் குழந்தைகளைத்தானே புதைப்போம். முந்தின நாளே மணி அடித்து, தோளில் சுமந்து போய், எல்லா வயலின் மண்ணும் போட்டு மூடியிருந்தார்கள். தன் கணவருக்குப் பக்கத்தில் தனக்கென்று வைத்திருந்த இடத்தை மதாம் அண்ணைக்குக் கொடுத்திருந்தார். நான் அழுவதைக் கண்டு, விருப்பமானால் தோண்டி எடுக்கலாம், கையெழுத்து வைத்தால் போதும் என்றார் மேயர். மதாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் கையெழுத்து வைக்க முடியவில்லை.

அண்ணையைச் சுமந்த அந்த ஊராருக்கும், இடம் கொடுத்த மதாமுக்கும், தொலைபேசிச் செய்தி சொன்ன கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நன்றியை எழுத எனக்கு ஒரு வருடம் எடுத்தது. அவர்களில் பிழை இல்லை. நான் கேட்டதைத்தான் செய்தார்கள்.

அம்மா, கீரிமலைக் கடலில் கரைக்க அண்ணையின் சாம்பலை எப்போது அனுப்புவாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். வரும் வரும் என்று எழுதினேன். சாம்பல் இல்லை, அம்மா. இனிக் கேட்டு எழுதவேண்டாம்.