பொன்குழிக்குக் கல் போட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை, வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வகுப்பில் நான் போனைத் தொடுவதில்லை. திரையில் அந்தோணிராஜ் அண்ணனின் மனைவி லூர்துமேரி அக்கா பெயரைப் பார்த்ததும் எடுத்தேன். "டீச்சர், அவரு கரட்டுலயே போயிட்டாரு" என்றார். எந்தக் கரடு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நிலையில் நான் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

எங்கள் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற அந்தோணிராஜ் அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். சோதனைக் குழாயை உடைத்தவனை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். ஒருமுறை, புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் அமிலக் குடுவைக்குள் நேராகத் தண்ணீரை ஊற்றப் போனார். அண்ணன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சார், ஊத்துறதுக்கு முன்னால யோசிங்க. ஊத்துனதுக்கு அப்புறம் யோசிச்சா, தொடைக்கிறதுக்கு நாந்தான் வரணும்." மதியம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

நான் தமிழாசிரியை. வளரும் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவள், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் தன் ஊர்க் கதையைச் சொன்னார். வடமதுரைக்கு அந்தப் பக்கம் அவர் ஊருக்கு மேலே ஒரு கரடு, மொட்டைப் பாறைக் குன்று. ஒரு காலத்தில் அங்கே தங்கம் வெட்டினார்களாம். ஒருநாள் சுரங்கம் சரிந்து, உள்ளே போனவர்கள் திரும்பவில்லை. தங்கம் எந்தப் பக்கம் ஓடியது என்று அதன்பின் யாருக்கும் தெரியாது. குழிவாய் மட்டும் இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் அதில் ஆளுக்கொரு கல் போட்டுவிட்டுப் போவார்கள். நான் கை காயக் காயக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, இதை நான் எழுதிக்கட்டுமா?"

"எழுதுங்க டீச்சர். பேரை மட்டும் மாத்திருங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். வெயில் மண்டையைப் பிளந்தது. குழி விளிம்புவரை கல் நிறைந்திருந்தது. அண்ணன் ஒரு கல்லைத் தேடி எடுத்து, மண்ணைத் தட்டி என் கையில் வைத்து, "போடுங்க டீச்சர்" என்றார். என் மனம் அங்கே இல்லை. கதை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அது எங்கேயோ பறந்துகொண்டிருந்தது.

நாவலில் நான்கு பிள்ளைகள் வருவார்கள். அந்தக் கற்குவியல்தான் தங்கம் இருக்கும் இடத்துக்கு முன்னோர் வைத்த அடையாளம் என்று கண்டுபிடிப்பார்கள். கல்லையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே இறங்கி, தங்கத்தோடு வெளியே வருவார்கள். கரட்டின் பெயரை நான் மாற்றவில்லை. 'பொன்குழிக் கரடு' என்ற பெயரை விட எனக்கு மனசு வரவில்லை. புத்தகம் நன்றாக ஓடியது.

முதல் பிரதியை அண்ணனுக்குத்தான் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். ஆனா அது அடையாளம் இல்ல, மூடி" என்றார். எனக்குப் புரியவில்லை. "தங்கக் கதைதான் பழசு. கல்லு பழசு இல்ல. எங்கண்ணன் உள்ள இருக்கான்."

பதினாலு வயதில், தங்கம் எடுக்கப் போகிறேன் என்று கயிறு கட்டி இறங்கியவர். மண் சரிந்துவிட்டது. உடலை எடுக்க முடியவில்லை. அடக்கத்தில் ஆளுக்கொரு பிடி மண் போடுவதுபோல, அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் போகும்போதும் வரும்போதும் ஒரு கல் போட்டார்கள். இன்னொரு பிள்ளை இறங்கிவிடக் கூடாது என்பதும் அதில் உண்டு.

"ஏண்ணே இதை முன்னாலேயே சொல்லல?"

"நீங்க கதைதான கேட்டீங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன்.

அந்தக் கோடை விடுமுறையில் திண்டுக்கல்லிலிருந்து பைக்குகளில் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். சிலர் கையில் என் புத்தகம். கல்லை எடுத்துச் சரிவில் உருட்டிவிட்டார்கள். பதிப்பாளரிடம் முடிவை மாற்றலாம் என்று கெஞ்சினேன். முடிவுக்காகத்தான் விற்கிறது என்றார். கடைசியில், இரண்டாம் பதிப்புக்கு ஒரு முன்னுரை எழுதினேன். அந்தக் குழி ஒரு பிள்ளையின் கல்லறை, தயவுசெய்து போகாதீர்கள் என்று மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதுவரை எல்லாம் கற்பனை என்று நினைத்திருந்தவர்கள், அதைப் படித்துவிட்டுத்தான் குழி உண்மை என்று தெரிந்துகொண்டார்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அண்ணன் ஓய்வு பெற்றபின் தினமும் கரடு ஏறினார். இரும்புச் சட்டியில் கல் அள்ளி வந்து குழியில் போடுவார். வேலி கேட்டு மனு கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள். நெஞ்சு வலிக்காரர் இப்படி அலையலாமா என்று சண்டை போட்டேன். "அவங்க எடுக்குறாங்க, நான் போடுறேன். இன்னொருத்தன் உள்ள போயிறக் கூடாது, அம்புட்டுதான் டீச்சர்" என்றார். கூட நான் எத்தனை நாள் போனேன் என்று யாரும் கேட்காதீர்கள்.

ஆடு மேய்க்கப் போனவர்கள்தான் அவரைப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் சட்டி, அதில் பாதிக் கல். அடக்கம் முடிந்து நான் கரடு ஏறினேன். அவர் ஒரு மூலையைத்தான் நிரப்பியிருந்தார். மற்ற பக்கமெல்லாம் ஆள் இறங்கும் அளவுக்குத் திறந்து கிடக்கிறது. அடுத்த விடுமுறைக்கும் பிள்ளைகள் வருவார்கள். தடுக்க அங்கே ஆள் இல்லை.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது ஒரு கல். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் என் கையில் வைத்தது. நான் அதைக் குழியில் போடவில்லை. கதையின் ஞாபகத்துக்கு என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். தாள் பறக்காமலிருக்க அதை மேலே வைத்துத்தான் நாவல் முழுவதையும் எழுதினேன். புத்தகத்தைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று அண்ணன் அதை மேசையில் பார்த்தார். கையில் எடுத்தார். அடையாளம் தெரிந்துவிட்டது அவருக்கு. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.