ஜெர்பராவின் கழுத்து

பெப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. காலையில் கேத்தலை அடுப்பில் வைத்தேன். அத்தானுக்குத் தேநீரும் பிரஷர் மாத்திரையும் கொடுத்தேன். சோறும் பருப்பும் சமைத்து மூடிவிட்டு, கண்டி நகரில் நான் கணக்கெழுதும் இரும்புக் கடைக்கு நடந்து போனேன். மாலையில் வீட்டுக்குத் திரும்பும் மஹய்யாவ ஏற்றத்தில் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் ஏற முடிந்தது. சட்டையைக் கழற்றுவதற்கு முன், மேல்மாடி வராந்தாவில் பெயின்ட் வாளியில் நிற்கும் ஜெர்பரா பூச்செடியின் வாடிய இலையொன்றைத் தொட்டுப் பார்த்தேன். இழுக்கவில்லை, அதுவாகவே கையோடு வந்துவிட்டது. அடிக்காம்பு கறுத்துக் கொழகொழத்திருந்தது.

அது என் அக்காவின் செடி. அக்கா ஜனவரியில் இறந்துபோனாள். அவளுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இல்லை. எனக்குக் குடும்பம் இல்லை. அவளுடைய சிறுநீரகம் பழுதானபோது ஒத்தாசைக்கென்று வந்த நான் இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது இந்த வீட்டில் அத்தானும் நானும்தான். பேசுவதற்கு அதிகம் இல்லை. அவள் வைத்துப் போனவற்றில் உயிரோடு இருந்தது அந்தச் செடி ஒன்றுதான்.

வத்தேகமவில் ஒரு சிநேகிதி வீட்டிலிருந்து அதை ஈரப் பத்திரிகையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். வாளியின் அடியில் ஆணியால் துளைகள் போட்டு, ஆற்றுமணலும் தேங்காய்த் தும்புத்தூளும் கலந்து நிரப்பி நட்டாள். இலைகளெல்லாம் சேரும் இடத்தை அவள் கழுத்து என்பாள். புதுத் தளிரும் மொட்டும் அங்கிருந்துதான் கிளம்பும். “கழுத்து மண்ணுக்கு மேல தெரியணும் தம்பி. அதுல தண்ணி நின்னுச்சுன்னா செடி போச்சு.” வாளியின் விளிம்பை ஒட்டியே தண்ணீர் விடுவாள். வாடிய பூவைக் கத்தரிக்க மாட்டாள். காம்பை அடியில் பிடித்து லேசாகத் திருகி எடுப்பாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்துவிட்டு வரும் நாட்களில் படிக்கட்டில் இடையிடையே உட்கார்ந்துதான் மேலே வருவாள். வந்ததும் கட்டிலுக்குப் போகாமல் வராந்தாவுக்குப் போவாள். அவளுக்கும் டாக்டர் தண்ணீரை அளந்துதான் குடிக்கச் சொல்லியிருந்தார். “நானும் இதுவும் ஒரே கேசு,” என்பாள்.

அந்தச் செடியால் வீட்டில் ஒரு வழக்கு ஓயாமல் நடந்தது. அத்தான் தினமும் காலையில் சாமி படத்தின் முன் சிறு செம்பில் மஞ்சள் கலந்த தண்ணீர் வைப்பார். மறுநாள் அதைக் கால்படாத இடத்தில் ஊற்ற வேண்டும். கீழே இறங்கினால் ஊரே நடக்கும் சந்து. மண் என்று எங்களிடம் இருந்தது அந்த வாளி மட்டும்தான். அக்கா கண்ணயர்ந்த நேரம் பார்த்து அதிலேயே, செடியின் நடுவிலேயே, கவிழ்த்துவிடுவார்.

“சாமி தண்ணிதானே, ஆகாதா?” என்பார்.

“ஆகும்னா உங்க தலையில ஊத்திக்கிட்டு நில்லுங்க. நாளைக்கு மொட்டு வருதான்னு பார்ப்போம்.”

பிறகு அவள் பழைய துணியின் நுனியைத் திரித்து, கழுத்தில் தேங்கியதை ஒற்றி எடுப்பாள். அவள் படுக்கையோடு கிடந்த கடைசி வாரங்களில் அந்த வேலை என்னுடையதாயிற்று.

பதினாறாம் நாள் கருமாதிக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். ஐயர் மாவிலையால் வீடெங்கும் புண்ணியதானத் தண்ணீர் தெளித்தார். நான் அவரை பஸ்ஸேற்றிவிட்டுத் திரும்புவதற்குள், மிஞ்சிய தண்ணீர் முழுவதும், மஞ்சளும் அரிசியும் தர்ப்பையுமாக, அந்த வாளிக்குள் போயிருந்தது. “அவ ஆசையா வச்ச செடிதானே, அவளுக்கே போய்ச் சேரட்டும்னு ஆளுக்குக் கொஞ்சமா ஊத்தினோம்,” என்றாள் புசல்லாவையிலிருந்து வந்திருந்த சித்தி. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. துணியைத் திரித்து ஒற்றினேன். அரிசி இடுக்குகளில் இறங்கிவிட்டிருந்தது.

இலை கையோடு வந்த அந்தச் செவ்வாய் மாலை செடியை வாளியிலிருந்து வெளியே எடுத்தேன். நடுப்பகுதி முழுவதும் அழுகியிருந்தது. கத்தியால் சீவிக்கொண்டே போனதில், ஓரத்தில் இரண்டு இலைகளோடு ஒரு பக்கக்கன்று மட்டும் வெள்ளை வேருடன் இருந்தது. அத்தான் கதவு நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிழைக்குமா மாப்ள?”

“தெரியல அத்தான். கழுத்து நனையக்கூடாது.”

“நான் தெனமும் ஊத்தினதாலயா?”

“அன்னைக்கு எல்லாரும் ஊத்தினது.”

அது முழு உண்மையில்லை என்று இருவருக்கும் தெரியும். கருமாதிக்குப் பிறகும் அவர் காலைதோறும் ஊற்றிக்கொண்டிருந்தார், நான் ஒற்றிக்கொண்டிருந்தேன். வாளியைக் கழுவி, புது மணலிட்டு, கன்றைக் கழுத்து தெரிய நட்டேன். கையைக் கழுவிவிட்டு, இருவருமாக ஆறிய சோற்றைச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை, நான் கேத்தலை வைக்கும் முன்பே அத்தான் செம்போடு வராந்தாவில் நின்றார். பழக்கத்தில் கை வாளிக்கு மேலே போய், அப்படியே நின்றது. கீழே சந்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தார். முழங்கால் வலியோடு இறங்கி எங்கே போவார்? செம்பை உயர்த்தி, அண்ணாந்து, மஞ்சள் தண்ணீர் முழுவதையும் தானே குடித்துவிட்டார். தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்தார்.

“தேத்தண்ணி போட்டாச்சா மாப்ள?” என்றார்.