நாலு வாசலும் ஒரு போர்மேனின் இரைப்பையும்

பட்டாசு ஆலையில் மனித உயிரைக் காப்பது சுவரோரம் தொங்கும் சிவப்பு மணல் வாளி என்றொரு நம்பிக்கை சாத்தூர் முதல் சென்னை வரை பரவியிருக்கிறது. நாட்டு நலன் கருதி இதை மறுக்கும் கடமை எனக்கு இருக்கிறது. மணல் வாளி சின்னத் தீப்பொறிக்கு. வெடிமருந்து பற்றிக்கொண்டால் உயிரைக் காப்பது கால்கள் மட்டுமே. அதனால்தான் மருந்து செலுத்தும் அறை எவ்வளவு சிறியதானாலும் நாலு பக்கமும் வாசல் வைத்துக் கட்டுகிறார்கள். ஒரு பக்கம் பற்றினால் மறுபக்கம் ஓடலாம். கட்டியவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள். ஓட முடியாத ஒருவன் போர்மேன் ஆவான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

தாயில்பட்டிப் பக்கத்து ஆலை ஒன்றில் அந்தப் போர்மேன் நான். வேதியியல் பட்டதாரி. என் எடை மூன்று இலக்கம். அதில் முதல் இலக்கம் ஒன்றுதான் என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமை இருந்தது. பஸ்ஸில் இருவர் இருக்கையில் தனியாக உட்கார நேர்ந்தவர்களே, பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்டதும் முதலில் அதன் கால்களைச் சோதிப்பவர்களே, இது உங்களுக்காக.

ஒத்திகை

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது ஆலையில் தீ ஒத்திகை வைத்தார்கள். சைரன் ஒலித்ததும் அவரவர் அறையை விட்டு ஓடி, கேட்டுக்குப் பக்கத்து வேப்ப மரத்தடியில் நிற்க வேண்டும். மற்ற அறைப் பெண்கள் எல்லாம் மரத்தடிக்குப் போய், அவிழ்ந்த கொண்டையை முடிந்தும் ஆயிற்று. நான் நின்ற அறையின் நாலு பெண்கள் மட்டும் வந்து சேரவில்லை. பாதி வழியில் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. அறையில் மூத்தவளான பேச்சியம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தாள். இன்னொருத்தி முதுகில் கை வைத்துத் தள்ளினாள். மற்ற இருவரும் முன்னால் பின்னோக்கி நடந்தபடி, "வாங்க அண்ணாச்சி, இந்தா வந்துட்டீக, வந்துட்டீக" என்று ஊக்கம் கொடுத்தார்கள். தேர் நிலைக்கு வருவதைப் போல ஒருவழியாக மரத்தடிக்கு வந்தோம்.

மேனேஜர் சுலைமான் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "அவரை விட்டுட்டு ஓட வேண்டியதுதானே?" என்று பெண்களிடம் கேட்டார். பேச்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணாச்சிய உள்ள விட்டுட்டு ஓடியாந்து, இந்த மரத்தடியில நாங்க என்ன செய்யப் போறோம்?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. என்னைத் தனியே அழைத்தார். "நெசமா பத்தியிருந்தா உங்களோட சேத்து அந்த நாலு பேரும் போயிருப்பாக. ஓட முடிஞ்ச அன்னைக்கு அறைக்குத் திரும்பி வாங்க போர்மேன். அதுவரைக்கும் குடோன்ல உக்காருங்க."

மொத்த எடையும் நிகர எடையும்

குடோனில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளை எண்ணுகிறவனுக்கு யோசிக்க நேரம் நிறைய. பினாங்கில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை விஜயாவுக்குப் போன் போட்டேன். அவள் கணவர் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எடை குறைக்கும் அறுவை சிகிச்சை அங்கே தினமும் நடக்கிறது. மதுரையில் கிடைக்காததா என்று நீங்கள் கேட்கலாம். மதுரையில் கிடைக்கும், கூடவே நலம் விசாரிக்க இரண்டு வேன் நிறைய ஆட்களும், ஆளுக்கொரு பொட்டலம் சேவும் வரும். கடலைத் தாண்டிப் படுப்பதே உத்தமம் என்று முடிவு செய்தேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் என் எடையைக் கேட்டார்கள். வீட்டுத் தராசு என்னைக் கண்டதும் முள்ளைக் கடைசி வரை கொண்டு போய் வைத்துக்கொண்டு நின்றுவிடும். எனவே பெட்டிகளை எடை போடும் குடோன் தராசில் ஏறினேன். பேக்கிங் பார்க்கும் மாரிமுத்து எண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொழில் முறைப்படி ஒரு கேள்வி கேட்டான்: "சட்டை, பெல்ட்டு, செருப்போட இது மொத்த எடை அண்ணாச்சி. நிகர எடை எழுதணும்னா கதவச் சாத்தட்டுமா?"

திரவம் என்றால் என்ன

அறுவைக்கு முந்தின இரண்டு வாரம் திரவ உணவு மட்டும் என்றார்கள். கொழுப்பேறிய ஈரல் சுருங்கினால்தான் டாக்டரால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு இரைப்பையைப் பார்க்க முடியுமாம். அந்த இரண்டு வாரத்துக்குள் தீபாவளி வந்தது. ஊரே அதிரசம் தின்றுகொண்டிருக்க, நான் வடிகட்டிய ரசத்தின் முன் அமர்ந்து பௌதிகத்தை நினைவுகூர்ந்தேன். ஊற்றிய பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்வது திரவம். இந்த இலக்கணப்படி விருதுநகர் சால்னாவும் திரவமே. விஜயாவிடம் வாதாடினேன். "எண்ணெய் மிதந்தா அது சாப்பாடுண்ணே" என்று போனை வைத்துவிட்டாள்.

இருந்தும் ஒரு மாலை, வாசனை பிடிக்கும் உரிமையாவது எனக்கு உண்டு என்று வழக்கமான பரோட்டாக் கடைக்குப் போனேன். எண்ணெயில் பொரியும் பரோட்டாவைப் பார்த்துக்கொண்டே ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டேன். கடைக்காரர் முகம் வாடிவிட்டது. கல்லாவை விட்டு எழுந்து வந்து, என் காதருகே குனிந்து கேட்டார்: "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. நம்ம கடையப் பத்தி யாரும் தப்பா எதுவும் சொன்னாகளா?"

பயணப் பை

புத்திசாலிகள் வெளிநாட்டுக்குப் புதுப் பை வாங்குவார்கள். நான் பல வருஷமாக ஆலைக்குத் தூக்கிப்போன பையையே எடுத்துப் போனேன். விமான நிலையத்தில் பையை ஒரு துணிப் பட்டையால் துடைத்து, அந்தப் பட்டையை வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் இயந்திரத்துக்குள் வைத்தார்கள். இயந்திரம் அலறியது. பிறகு என் கையைத் துடைத்தார்கள். இன்னும் உற்சாகமாக அலறியது. பையைத் திறந்தால் உள்ளே ஒரு டப்பா வெள்ளைப் பொடி. அது டாக்டர் சொன்ன புரதப் பொடி.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். உண்மையில் பெருமைதான் வந்தது. பையில் ஒட்டியிருப்பது நைட்ரேட் உப்பு என்றும், அது தானாக எரியாது, எரிகிற பொருளுக்கு ஆக்ஸிஜன் தரும் என்றும், இந்த இயந்திரம் மிக நல்ல இயந்திரம் என்றும் சுற்றி நின்ற நாலு அதிகாரிகளுக்கும் விளக்கினேன். ஆலை அடையாள அட்டையையும் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் பார்த்த பிறகு, தமிழ் அதிகாரி ஒருவர் பையைத் திருப்பிக் கொடுத்தார். "எல்லாம் புரிஞ்சிருச்சு சார். பிளேன்ல பக்கத்து சீட்டுக்காரருக்கு மட்டும் இதை விளக்காதீங்க."

குழாய்

இந்த அறுவையில் தொப்பையிலிருந்து கொழுப்பை வெட்டி எடுக்கிறார்கள் என்று நம் மாவட்டம் முழுதும் நினைக்கிறது. இல்லை. வெட்டி எடுப்பது இரைப்பையின் பெரும்பகுதியை. பை போலிருப்பதைக் குழாய் போலாக்கிவிடுகிறார்கள். சீன டாக்டர் படம் வரைந்து காட்டியதும் எனக்குப் புல்லரித்தது. காகிதக் குழாயும் அதில் அடைக்கும் மருந்தின் அளவும்தான் என் ஜீவனம். தையலோரம் எவ்வளவு அழுத்தம் தாங்கும், கசிவுச் சோதனை எப்படிச் செய்கிறீர்கள், ஒரு குழாய் சரியில்லை என்றால் அந்த லோடு முழுவதையும் நிறுத்துவீர்களா என்று ஆங்கிலத்தில் அடுக்கினேன். நீலச் சாயம் ஊற்றிக் கசிவு பார்ப்போம் என்று பொறுமையாகச் சொன்ன டாக்டர், கடைசியில் என் பக்கத்தில் நின்ற மச்சான், விஜயாவின் கணவர் பக்கம் திரும்பினார். "வலிக்குமா என்று இவர் இன்னும் கேட்கவில்லையே. கேட்கச் சொல்லுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது."

முதலிடம்

வலித்தது. வயிற்றை விட அதிகமாகத் தோள்பட்டை வலித்தது. அறுவைக்காக வயிற்றுக்குள் அவர்கள் ஊதிய வாயு உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில்தான் தெரியுமாம். மருந்து அளக்கும் குட்டிக் கிண்ணத்தில் தண்ணீரை துளித் துளியாக உறிஞ்சிக்கொண்டு, நடைக்கூடத்தில் சுவரைப் பிடித்து நடந்து பழகினேன். அதற்கு மறுநாள் நான் கண்ணயர்ந்த நேரத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்தது. மாதச் சோதனைதான், ஒலிபெருக்கியில் மலாய் மொழியில் சொல்லியும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த மொழி மணிச் சத்தம் ஒன்றுதான்.

வயிற்றைத் தலையணையால் அணைத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கி, வாசலைத் தாண்டி, அங்கே நின்ற மரத்தடிக்குப் போனேன். சுற்றிப் பார்த்தேன். யாருமில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக நான் முதலில் வந்திருந்தேன். ஆஸ்பத்திரி உடையின் பின்பக்கக் கயிறு அவிழ்ந்திருந்ததுகூட அந்த ஆனந்தத்தைக் குறைக்கவில்லை. மேலே ஜன்னலில் விஜயாவின் தலை தெரிந்தது. "அண்ணே! அங்கனயே நில்லு, ஓடிராத. பின்னால மூடிக்கோ!"

இரண்டு கரண்டி

தீபாவளியோடு மூடிய ஆலையை மறுபடி திறந்து பூஜை போட்டபோது ஊர் திரும்பிவிட்டேன். மசித்த பருப்பில் தொடங்கி, குழைந்த சோறு இரண்டு கரண்டி என்ற நிலைக்கு முன்னேறியிருந்தேன். வாரா வாரம் தராசில் என்னை ஏற்றிப் பார்த்த மாரிமுத்து, சரக்கு குறைவதைக் கண்ட காவல்காரனைப் போலக் கலங்கினான். மதிய இடைவேளையில் பேச்சியம்மாளும் மற்ற மூவரும் தூக்குச் சட்டியுடன் குடோன் வாசலுக்கு வந்து, நான் சாப்பிடுவதை வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். உணவை நீண்ட நேரம் மெல்ல வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. நான் ஒரு கவளத்தை மென்று முடிப்பதற்குள் அவர்கள் சாப்பிட்டுச் சட்டியைக் கழுவி வந்துவிடுவார்கள்.

இனி ஓடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஷிப்ட் முடிந்ததும் கேட் வரைக்கும் ஓடிப் பார்ப்பேன். முதலில் பாதி தூரம், பிறகு முழுத் தூரம், பிறகு மூச்சு வாங்காமல் முழுத் தூரம். அப்படி ஓடி முடித்த அன்றைக்கு நான் குதித்த குதியைப் பார்த்துப் பேச்சியம்மாள் மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "நம்ம அண்ணாச்சிக்குப் பாதியத்தான் திருப்பி அனுப்பியிருக்காக. மீதிய எங்கன வச்சிருக்காகளோ!"

மீண்டும் சைரன்

சித்திரையில் பாய் குடோனுக்கு வந்து, பெல்ட்டில் நான் புதிதாகப் போட்டிருந்த துளைகளைப் பார்த்தார். "நாளைக்கு ஒத்திகை. பழைய அறையில நில்லுங்க" என்றார். இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

சைரன் ஒலித்தது. தெற்கு வாசல் வழியாகப் பாய்ந்தேன். காற்று காதில் இரைந்தது. சட்டை பாய்மரம் போலப் பின்னால் பறந்தது. வேப்ப மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். மரத்தடியில் பாயும் நானும் மட்டும். இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மற்ற அறைப் பெண்கள் ஓடி வந்தார்கள். என் அறையின் நாலு பேர் வரவில்லை. அவர்கள் வடக்கு வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி! மேசைக்குப் பின்னால விழுந்துட்டீகளா?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பாய் விசில் ஊதிய பிறகுதான் பேச்சியம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள். விறுவிறுவென்று நடந்து வந்து, எல்லோர் முன்னாலும் என் தோளில் ஓர் அடி வைத்தாள். "ஓடுறவுக சொல்லிட்டு ஓட மாட்டீகளா? ஒங்கள விட்டுட்டு நாங்க எப்படி வர?"

பாய் கடிகாரத்தைப் பையில் போட்டார். "இந்த நாலு பேரும் நீங்க பின்னால வாரதப் பாத்தாத்தான் ஓடுவாக போலிருக்கு" என்றார்.

அறை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. ஒத்திகையில் பெண்கள் அனைவரையும் முன்னால் அனுப்பிவிட்டுப் போர்மேன் கடைசியாக ஓடி வர வேண்டும் என்று பாய் போட்ட உத்தரவின்படி, இப்போதும் மரத்தடிக்கு நான்தான் கடைசியாக வருகிறேன்.