நைரோபியில் அரை நாள், ஒரு நீலப் பை, மூன்று மஞ்சள் புத்தகங்கள்

ஜூன் பள்ளி விடுமுறையின் கடைசி வாரத்தில் நைரோபிக்கு வந்தோம். அத்தாவுக்கு (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இங்கே மூன்று நாள் அலுவலகக் கூட்டம். அவர் கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். "நான் மட்டும் போயி சிங்கத்தைப் பாத்துட்டு வந்தா, ரெண்டு பேரும் என்னைச் சும்மா விடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, அம்மாவுக்கும் எனக்கும் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தார். சிங்கம் எதையும் நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. கூட்டம் நேற்று முடிந்தது. நாளை மாலை 4.35க்கு விமானம். இடையில் கிடைத்த இந்த நாளில், காலை நேரம் மட்டும் ஒரு வழிகாட்டியோடு நகரத்தைச் சுற்றினோம்.

எங்கள் சிங்கப்பூரின் தெம்பனிஸிலிருந்தோ பொங்கோலிலிருந்தோ யாராவது இங்கே வரத் திட்டமிட்டால் உதவும் என்று வரிசையாக எழுத முயல்கிறேன். வரிசை குழம்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் குளியலறையில், மூடிய கழிவறைத் தொட்டிமேல் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு வலைப்பூ இருப்பதே வீட்டில் தெரியாது. மணி இரவு 11.20. சிங்கப்பூரில் அதிகாலை 4.20.

முதலில் பயண விவரம். நேரடி விமானம் கிடையாது. சாங்கி விமான நிலையத்திலிருந்து துபாய்க்கு ஏழு மணி நேரம் சொச்சம், அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு, பிறகு இன்னும் ஐந்து மணி நேரம். கென்யாவுக்கான பயண அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். அதைவிட முக்கியம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாளுக்கு முன் போட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஆளுக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. ஊசி போட்டதற்குச் சான்றாக மஞ்சள் அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்று தருவார்கள். "பத்திரமா வச்சுக்குங்க. திரும்பி வரும்போது சாங்கியில கேப்பாங்க. இல்லாட்டி ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சிருவாங்க" என்று ஊசி போட்ட தாதி எச்சரித்தார். ஆறு நாள் என்றால் பள்ளி திறக்கும் வாரமே போய்விடும். அந்த வாரம்தான் எனக்குத் தமிழ் வாய்மொழித் தேர்வு.

இன்னொன்று, கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. அம்மாவுக்கு இது தெரியாது. சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கிய முறுக்கு முதல் மஞ்சள் புத்தகங்கள் வரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைகளில்தான் கட்டி வைத்திருந்தார். விமானம் இறங்கும்போது தடையைப் பற்றிச் சொன்னார்கள். அம்மா பதறிப்போய்ப் பைகளைக் காலி செய்தார். அந்த அவசரத்தில் மூன்று மஞ்சள் புத்தகங்களும் மிச்ச முறுக்கும் என் மடிக்கு வந்தன. நான் அவற்றை என் நீலக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். தேக்கா சந்தையில் எட்டு வெள்ளிக்கு வாங்கிய சின்னப் பை. கடப்பிதழ்கள் (பாஸ்போர்ட்) அத்தாவின் இடுப்புப் பையில். புத்தகங்களும் அங்கேதான் இருக்கின்றன என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

அரை நாள் சுற்றுலாவுக்கு மூன்று பேருக்கும் சேர்த்து 165 அமெரிக்க டாலர். வேனும் வழிகாட்டியும் அதில் அடக்கம், நுழைவுச்சீட்டுகள் தனி. எங்கள் வழிகாட்டியின் பெயர் வஞ்சிரு. நாற்பது வயதிருக்கும். அவரே ஓட்டுநரும்கூட. எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லி 7.52க்கே வந்து நின்றார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் நம் பேச்சில் எழுதுகிறேன். ஜூன் மாதம் இங்கே குளிர்காலம், குளிர்ச்சட்டை தேவைப்படும்.

வண்டி கிளம்பியதிலிருந்தே எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போக்குவரத்து விளக்கு பச்சையாக இருந்தது, வண்டிகள் நின்றன. சிவப்பாக மாறியது, கிளம்பின. விளக்குக்குக் கீழே நின்ற போலீஸ்காரரின் கையைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள் என்பது மூன்றாவது சந்திப்பில்தான் புரிந்தது. சாலையோர மரங்களில் வழுக்கைத் தலையோடு பெரிய பெரிய நாரைகள் உட்கார்ந்திருந்தன. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் ஓவியம் தீட்டிய சிற்றுந்துகள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு எங்களை உரசுவதுபோல் போயின. அவற்றுக்கு மட்டாட்டு என்று பெயர். "இதுல ஏறினா எங்க இறங்குறதுன்னு எப்படித் தெரியும்?" என்று அம்மா கேட்டார். "ஏறினவங்களுக்குத் தெரியும்" என்றார் வஞ்சிரு.

8.30க்கு அருங்காட்சியகம். பெரியவர்களுக்கு 1,200 ஷில்லிங், எனக்கு 600. நூறு ஷில்லிங் ஏறத்தாழ ஒரு வெள்ளி என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஒன்றரை மணி நேரம் போதும். 10.15க்கு நகரச் சந்தை. அங்கே அம்மா பேரம் பேசி ஒரு கூடையை 2,500இலிருந்து 1,100க்கு இறக்கினார். நான் ஒரு மாம்பழத்தை அப்படியே கடித்துச் சாப்பிட்டேன். கை துடைத்ததில் டிஷ்யூ முழுவதும் தீர்ந்துபோனது.

இந்த ஊரில் எந்தப் பெரிய கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். உடம்பிலும் ஒரு கருவியை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "முன்னாடி மோசமான விஷயமெல்லாம் நடந்திருக்கு" என்றதோடு வஞ்சிரு நிறுத்திக்கொண்டார்.

ஹலால் சாப்பாடு வேண்டும் என்று அம்மா கேட்டதால், 11.30க்கு ஒரு பேரங்காடியின் மாடியில் இருந்த உணவுக்கூடத்துக்குப் போனோம். நம் உணவங்காடி நிலையம் மாதிரியேதான், பொது மேசைகள், சுற்றிலும் கடைகள். பிலாவ் சோறும் ஆட்டிறைச்சியும் 750 ஷில்லிங். நல்ல கூட்டம். அத்தாவும் வஞ்சிருவும் வரிசையில் நின்றார்கள்.

"மூணு பேர் எழுந்திரிக்கிறாங்க பாரு, ஓடு! போயி ச்சோப் பண்ணு!" என்று சொல்லிவிட்டு அம்மா கை கழுவும் இடம் தேடிப் போனார்.

சிங்கப்பூரர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ச்சோப் என்றால் இடம் பிடிப்பது. மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகலாம். திரும்பி வரும்வரை அந்த மேசை நம்முடையது. குடையை வைப்பவர்கள் உண்டு, அலுவலக அட்டையை வைப்பவர்களும் உண்டு. என்னிடம் டிஷ்யூ இல்லை. நீலப் பையை மேசை நடுவில் வைத்தேன், பழச்சாறு வாங்கப் போனேன். சத்தியமாக ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இரண்டு குவளைகளோடு திரும்பினால் என் மேசையைக் காணவில்லை. அதாவது, மேசை இருந்தது. அதைச் சுற்றி யாரும் இல்லை. பக்கத்து மேசைகளில் பாதித் தட்டோடு சாப்பாடு கிடந்தது, ஆட்கள் தூரத்தில் சுவரோரம் நின்றார்கள். ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் வேகமாக இறங்கினார். இரண்டு காவலர்கள் கைகளை விரித்து எல்லாரையும் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து வந்த போலீஸ்காரரின் தோளில் நீளமான துப்பாக்கி. யாருக்கோ மயக்கம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு எல்லாரும் எதைப் பார்க்கிறார்கள் என்று நானும் பார்த்தேன். என் பையை.

கேட்பாரற்ற பையைக் கண்டால் தெரிவியுங்கள் என்று சிங்கப்பூர் விரைவு ரயிலில் நான்கு மொழிகளில் கேட்டே வளர்ந்தவள் நான். அந்தப் பை என்னுடையதாக இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

காவலர் உரக்க ஏதோ கேட்டார், முதலில் சுவாஹிலியில், பிறகு ஆங்கிலத்தில்: "இது யாருடையது?" அவர் இரண்டாவது முறை கேட்டபோது நான் சுவரோரக் கூட்டத்தில் இருந்த அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தேன். அதன் பிறகு ஒரு அதிகாரி வந்து, ஒரு நீளக் கோலால் பையைத் தொட்டுப் பார்த்து, என்னென்னவோ செய்து, கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு போனார். கூட்டம் திரும்ப வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தது. நானும் உட்கார்ந்தேன். சோறு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

"எவன்டா அந்த அறிவாளி? இவ்வளவு பேர் இருக்கிற இடத்துல பையை வச்சிட்டு ஊர் சுத்தப் போயிருக்கான்!" என்று அத்தா சிரித்தார். அம்மா சாப்பிடவே இல்லை. தலை வலிக்கிறது என்றார். நைரோபி கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சிலருக்கு அப்படி வலிக்குமாம்.

12.20க்கு மாநாட்டு மையக் கோபுரத்தின் உச்சி. சுற்றுலாவில் பார்க்க வேண்டிய முக்கியமான இடம் இதுதான். நகரம் முழுக்கத் தெரிகிறது, அதற்கு அப்பால் விலங்குகள் உலவும் புல்வெளியும் தெரிகிறதாம். நான் பார்த்தது காலுக்குக் கீழே இருந்த சிமெண்டை மட்டும்தான். அத்தா அம்மாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வஞ்சிருவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தப் பையை என்ன பண்ணுவாங்க?"

"வரும்போது காவலர்கிட்ட விசாரிச்சேன். உள்ள மூணு மஞ்சள் புத்தகமும், வளைஞ்சு வளைஞ்சு ஏதோ ஒரு பலகாரமும் இருந்துச்சாம். பாதுகாப்பு அலுவலகத்துல வச்சிருக்காங்க. சொந்தக்காரங்க பாஸ்போர்ட்டோட போயி, ஏன் விட்டுட்டுப் போனோம்னு எழுதிக் கொடுத்து வாங்கிக்கணும்." என் முகத்தையே பார்த்தார். "ஒருத்தர் எதுக்குப் பையை மேசையில வச்சிட்டுப் போவாங்க?"

"எங்க ஊர்ல அப்படித்தான் இடம் பிடிப்போம்" என்றேன். "டிஷ்யூ பாக்கெட் வச்சாலே போதும்."

"யாரும் எடுத்துக்க மாட்டாங்களா?"

"டிஷ்யூவையா?"

"மேசையை!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு டிஷ்யூவுக்கு இவ்வளவு மரியாதையா!" பிறகு சிரிப்பை நிறுத்தினார். "வீட்ல சொல்லிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பாஸ்போர்ட் உங்க அப்பா இடுப்புல இருக்கு. அவருக்குச் சொல்லாம அந்தப் பை வராது. நான் சொல்ல மாட்டேன், அது உன் வேலை. பேரங்காடி காலையில ஒன்பதுக்குத் திறக்கும்."

1.15க்கு ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டார். பிற்பகல் முழுவதும் சொல்ல முயன்றேன். ஒவ்வொரு முறையும் அத்தா யாரிடமாவது தொலைபேசியில் அந்தப் பையின் கதையைத் தொடங்கிவிட்டார். இரவுச் சாப்பாட்டுக்குள் கதையில் நாய்ப்படையும் வந்துவிட்டது.

இந்த இடம் வரை எழுதியிருந்தபோது குளியலறைக் கதவு தட்டப்பட்டது.

"உள்ள என்ன பண்ற? வயிறு சரியில்லையா?" அம்மா.

கைப்பேசியைத் துண்டுக்கு அடியில் செருகிவிட்டுத் திறந்தேன். அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துப் பேசினார்.

"அது உன் பைன்னு எனக்குத் தெரியும். தூரத்துல இருந்தே தெரிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"துப்பாக்கியோட நிக்கிறான். எம்புள்ளையோடதுன்னு சொன்னா உன்னைப் புடிச்சு எங்கயாச்சும் கொண்டு போயிருவானோன்னு வாய் வரல. ச்சோப் பண்ணச் சொன்னதும் நான்தானே. போனாப் போகுது, எட்டு வெள்ளிப் பை, நாலு முறுக்குன்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. "அம்மா, ஊசி போட்ட மஞ்ச புத்தகம் மூணும் அதுலதான் இருக்கு."

அம்மா குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அத்தாகிட்டல்ல இருக்கு?"

"இல்லம்மா."

"யா அல்லாஹ்! நீ போயி அவரை எழுப்பு" என்றார்.

"நீங்க எழுப்புங்க."

"நான் எழுப்புறேன். நீ சொல்லு."

அப்படித்தான் நடந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை அத்தா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணாடி இல்லாத கண்களால் என்னையே பார்த்தார். வெடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து இடுப்புப் பையைத் திறந்து கடப்பிதழ்களை எடுத்து மேசைமேல் வைத்தார். "எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்றார். ஒன்பது என்றேன். ஆறரைக்கு அலாரம் வைத்தார். ஏன் திட்டவில்லை என்று இப்போதும் புரியவில்லை. படுக்கப்போகும்போது ஒன்று மட்டும் சொன்னார். "எழுதிக் கொடுக்கணும்னா நீதான் எழுதணும். நானோ அம்மாவோ எழுத மாட்டோம்."

இப்போது மணி 12.40. வருபவர்களுக்குச் சில வார்த்தைகள். மஞ்சள் புத்தகத்தைக் கடப்பிதழோடு சேர்த்தே வையுங்கள். பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காலை எட்டு மணிச் சுற்றுலாவே நல்லது, பதினொன்றுக்கு மேல் சாலைகள் நெரிகின்றன. கோபுர உச்சியில் அரை மணி நேரமாவது நில்லுங்கள், எனக்கும் சேர்த்துப் பாருங்கள். சாப்பிடும் இடத்தில் ஒருவர் மேசையில் உட்காருங்கள், மற்றவர்கள் வரிசையில் நில்லுங்கள். நம் ஊரில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை 'இது என் இடம்' என்று எல்லாரும் படிக்கிறார்கள். அதை யார் எப்போது நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை.

ஹோட்டலிலிருந்து பேரங்காடிக்கு டாக்சி 450 ஷில்லிங், இருபது நிமிடம். விமான நிலையத்தில் ஒன்றரைக்குள் இருக்க வேண்டும். அந்தக் காவலர் புத்தகங்களைத் தருவாரா, வேறு ஏதாவது கேட்பாரா, தெரியாது. ஹோட்டல் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் சிங்கப்பூரைப் பற்றித் தொடங்கினேன், அடித்துவிட்டேன். டிஷ்யூவைப் பற்றித் தொடங்கினேன், அதையும் அடித்துவிட்டேன். மூன்றாவது வரியை அடிக்கவில்லை. "அந்தப் பை என்னுடையது."