தண்ணி வண்டி

தண்ணீர் லாரி ஓட்டுகிறவரை ஊரார் என்னவென்று கூப்பிடுவார்கள்? தண்ணி வண்டி என்றுதான். நாற்பது வயதுவரை அந்தப் பெயரால் அவருக்கு ஒரு குறையும் வந்ததில்லை. அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டபோதுதான் வந்தது வினை.

அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். அவர் தலையசைத்தால்தான் கல்யாணம். அவரோ மாப்பிள்ளையைப் பார்க்கும் முன்பே, விசாரிக்கிறேன் பேர்வழி என்று இவர் தெரு முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் இவருடைய உயிர் நண்பர். புகழ ஆரம்பித்தால் வாய் ஓயாது.

"தண்ணி வண்டியா? தங்கமான மனுஷன்! கண்ணு முழிச்சா தண்ணி, படுக்கற வரைக்கும் தண்ணி. தெருவுக்கே ஊத்துவாருன்னா பாத்துக்கோங்க!"

அண்ணன் பாதி மழித்த முகத்தோடு எழுந்து வந்துவிட்டார். "குடிகாரனுக்குக் குடுக்க என் தங்கச்சி என்ன கிள்ளுக்கீரையா?" நுணல் தன் வாயால் கெடும், இந்த மனிதர் நண்பன் வாயால் கெட்டார்.

அவளிடம் போனில் அழாத குறையாகச் சொன்னார்: "நான் சாராயத்தை மோந்துகூடப் பாத்ததில்லைங்க."

அவள் சிரித்தாள். "இந்த வாரம் அகராதியில எனக்கு சாராய வார்த்தைங்கதான் வேலை. வோட்கான்னா குட்டித் தண்ணி. விஸ்கின்னா உயிர்த் தண்ணி. அராக்குன்னா வேர்வை, காய்ச்சறப்ப சொட்டுச் சொட்டா வடியுதில்ல, அதான். உலகமே குடிக்குத் தண்ணின்னு பேர் வெச்சா எங்கண்ணன் பாவம் என்ன பண்ணுவாரு? எங்க தெருவுல குழாய் மக்கர் பண்ணுது. ஞாயித்துக்கிழமை வண்டியோட வாங்க. அர்த்தத்தை நேர்லயே காட்டிடலாம்."

ஞாயிறு காலை லாரி தெருமுனையில் திரும்பியதுமே குடங்கள் உருண்டோடி வந்தன. அதே நேரம் பாதிக் குளியலில் குழாய் நின்றுபோய், தலை முழுக்க நுரையும் இடுப்பில் துண்டுமாக ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு தட்டுத் தடுமாறி வெளியே வந்தார். அண்ணனுக்கும் சோப்புக்கும் அப்படியொரு ராசி.

"கண்ணு எரியுதுய்யா! யாராவது ஊத்துங்களேன்!"

இவர் லாரியின் குழாயைத் தூக்கிப் பிடித்து ஊற்றினார். உச்சி குளிர ஊற்றினார். அண்ணன் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"உயிர் வந்துச்சு! மகராசன், யாருங்க நீங்க?"

"தண்ணி வண்டிங்க."

அண்ணன் அவரைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற தங்கையைப் பார்த்தார். விளங்கிவிட்டது. துண்டு நழுவுவதுகூடத் தெரியாமல் தெருவே அதிரச் சிரித்தார். லாரிக்காரருக்கு வானமே கைக்கு எட்டிவிட்டது.

"நிறுத்தாதீங்க மாப்ளே! நல்லா ஊத்துங்க!"